வீடு தேடிப் போன டொக்டர்

பலெர்மோவில் வாழும் எங்களுக்குச் சாந்தா ரொசாலியா மலையைத் தெரியும். நேர்த்தி வைத்து ஏறாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஆனால் இதே நகரத்தில் பிறந்து, இதே ஒழுங்கைகளில் வருத்தக்காரரைத் தேடித் திரிந்த ஜாக்கமோ குஸ்மானோ என்ற டொக்டரை எங்கடை ஆட்களில் அநேகருக்குத் தெரியாது. ‘பொக்கோனே தெல் பொவெரோ’ என்ற பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழையின் கவளம் என்று அதற்குப் பொருள். அதைத் தொடக்கி வைத்தவர் இவர்தான்.

1834 மார்ச் 15 இல் வசதியான குடும்பத்தில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். 1837 இல் இந்த நகரத்தில் கொலரா பரவி 20,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதில் இவருடைய தாயும் ஒருவர். மூத்த சகோதரி வின்சென்சினாதான் தம்பியைத் தூக்கி வளர்த்தார். தாயில்லாப் பிள்ளைக்கு அக்கா தாயாவது எங்கடை ஊரிலும் கண்ட காட்சிதானே. இந்த அக்காவின் பெயரை மறக்க வேண்டாம், பிறகும் வருவார்.

1855 இல், 21 வயதில், மருத்துவப் பட்டம் பெற்றார். (அதே காலத்தில்தான் மானிப்பாயில் டொக்டர் கிறீன் எங்கடை பெடியன்களுக்கு மேலைநாட்டு மருத்துவம் படிப்பித்துக்கொண்டிருந்தார்.) அந்த நாளில் வீட்டுக்கு டொக்டர் வருவது பணக்காரருக்கு உரிய சங்கதி. குதிரை வண்டி அனுப்பிக் கூப்பிடுவார்கள். ஏழைக்கு ஆஸ்பத்திரி. அங்கே போனால் திரும்பி வரமாட்டோம் என்று பயந்து, ஒற்றை அறை வீட்டுக்குள்ளேயே கிடந்து சாவார்கள். குஸ்மானோ இதை மாற்றிப் போட்டார். பணக்காரருக்குக் கிடைத்த அந்த வைத்தியத்தை ஏழையின் வாசலுக்குக் கொண்டு போனார். காசு வாங்கவில்லை. சான் ஜுசெப்பே ஜாத்தோப் பக்கம் குடும்பத்துக்குக் காணி இருந்தது. அங்கே போனாலும் தோட்டக்காரரின் வருத்தம் பார்ப்பதுதான் வேலை.

வீட்டுக்குப் போகிற டொக்டருக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கிற டொக்டருக்குத் தெரியாதது தெரியவரும். யன்னல் இல்லாதது தெரியும். அடுப்பு மூட்டி எத்தனை நாள் என்று தெரியும். மருந்துத் துண்டு எழுதிக் கொடுக்கலாம், ஆனால் வெறும் வயிற்றில் மருந்து என்ன செய்யும்? முக்கால்வாசி வருத்தத்துக்குப் பெயர் பசி. இது என்னுடைய கணக்கு. ஆனால் அவர் பிறகு செய்ததைப் பார்த்தால் அவரும் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

1860 இல் கரிபால்டி பலெர்மோவுக்குள் நுழைந்து ஆட்சி மாறியது. அந்த வருடம் டிசம்பர் 22 இல் குஸ்மானோ குருப்பட்டம் பெற்றார். டொக்டரும் அவரே, சுவாமியும் அவரே. 1866 செப்டெம்பரில் நகரத்தில் கலகம் வெடித்து ஏழரை நாள் நடந்தது. பின்னால் இராணுவம், அதற்குப் பின்னால் மறுபடி கொலரா, பஞ்சம். இந்த வரிசை எங்களுக்குப் புதிதல்ல.

அந்தக் காலத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் அவர் ஒரு பழக்கத்தைக் கண்டார். சாப்பிட இருக்கும்போது நடுவில் ஒரு வெறுங் கோப்பை. ஒவ்வொருவரும் தன் சாப்பாட்டில் ஒரு கவளத்தை எடுத்து அதில் வைப்பார்கள். அது ஒரு ஏழைக்கு. ஊரில் அம்மாமார் உலையில் அரிசி போட முதல் ஒரு பிடியை வேறு பானையில் போட்டு வைப்பார்களே, அந்தப் பிடியரிசிதான் இது! ஒரு வீடு செய்வதை நகரம் முழுக்கச் செய்தால் என்ன என்று 1867 இல் மேற்றிராணியாரின் அனுமதியோடு சங்கம் தொடங்கினார். கவளம் சேர்க்கத் தானே தெருத்தெருவாய்க் கையேந்தினார். நல்ல குடும்பத்துப் பிள்ளை, பட்டம் பெற்ற டொக்டர், பிச்சை கேட்கிறார் என்று சொந்தக்காரர் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1880 இல் பெண்கள் சபை ஒன்றும் உண்டானது. முதல் தலைவி அக்கா வின்சென்சினா. 1885 இல் கொலரா திரும்பி வந்தபோது இந்தச் சகோதரிகள் நோயாளரைப் பராமரித்தார்கள். தாயைக் கொன்ற வருத்தம், பிள்ளைகள் இருவரும் அதற்கு எதிரே நின்றார்கள். 1888 மார்ச் 14 இல், 54 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில் குஸ்மானோ கண்ணை மூடினார். 1983 ஒக்டோபர் 30 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. எங்களில் தனியாக ஒரு அறையில் இருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு கிடப்பார்கள். பாஷை தெரியாது, வேலை போய்விடும் என்ற பயம். வயதுபோன அம்மா அப்பாவை வைத்திருக்கிற வீடுகளிலும் படியால் இறக்க முடியாது என்று டொக்டரிடம் காட்டாமலே விடுகிறார்கள். குஸ்மானோ கையேந்திச் செய்ததில் ஒரு பங்கு இன்று இத்தாலியில் சட்டம். 1978 இல் வந்த 833 ஆம் இலக்கச் சட்டத்தால் எல்லோருக்கும் பொதுச் சுகாதார சேவை வந்தது. வருத்தக்காரர் எழும்பிப் போக முடியாத நிலையில் இருந்தால் குடும்ப மெடிக்கோ வீட்டுக்கு வர வேண்டும், அதற்குக் காசில்லை. காலை 10 மணிக்கு முதல் ரெலிபோன் எடுத்தால் அன்றைக்கே வர வேண்டும் என்பது விதி. படுக்கையில் கிடப்பவருக்கு நேர்ஸ் வீட்டுக்கு வந்து புண் கட்டுகிற ஒழுங்கும் உண்டு. அதற்கு ‘ஆதி’ என்று பெயர். மெடிக்கோவிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், விண்ணப்பத்தை அவர் எழுதுவார்.