ஒரே பந்து, வேறு குவளை

நுழையும்முன்

திறமை ஒன்றே அளவுகோலாக விளங்கும் இடம் விளையாட்டுக்களம் என்பது பொதுவான நம்பிக்கை. அக்களத்தில் நுழைவதற்கும், உடன் ஆடுவோரோடு அமர்ந்து உண்பதற்கும், அணிக்குத் தலைமை ஏற்பதற்கும் தனித்தனியே போராட வேண்டியிருந்தது ஒரு வீரருக்கு. அவர்தாம் இந்தியக் கிரிக்கெட்டின் தொடக்ககால நாயகர்களுள் ஒருவரான பல்வங்கர் பாலு.

ஆடுகளத்தைப் பெருக்கிய சிறுவன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் தார்வாரில் பிறந்தார் பாலு. தோல்தொழில் செய்துவந்த அவருடைய சமூகத்தைத் தீண்டத்தகாதது என அன்றைய சாதி அமைப்பு ஒதுக்கி வைத்திருந்தது. தந்தை படைப்பிரிவில் பணிபுரிந்தமையால் குடும்பம் புனே நகரில் வாழ்ந்தது. படை அலுவலர்கள் கழித்துவிட்ட பந்தையும் மட்டையையும் கொண்டு பாலுவும் அவர்தம் தம்பி சிவராமும் கிரிக்கெட் பழகினர்.

பார்சிகள் நடத்திய கிரிக்கெட் மன்றம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுத்துச் சமன்செய்வது பாலுவின் முதல் வேலை. மாத ஊதியம் 3 ரூபாய். பின்னர் 1892ஆம் ஆண்டில் ஐரோப்பியரின் புனே மன்றத்தில் 4 ரூபாய் ஊதியத்தில் சேர்ந்தார். அங்கு வலை கட்டுவதும் கோடு போடுவதும் அவருடைய பணிகள். உறுப்பினர்கள் மட்டைப்பயிற்சி செய்வதற்காகப் பந்துவீசும்படியும் அவரைப் பணித்தனர். இடக்கையால் மெதுவாகச் சுழலவிட்டு அவர் வீசிய பந்துகள் தேர்ந்த ஆட்டக்காரர்களையும் திணறச் செய்தன. அம்மன்றத்தின் சிறந்த மட்டையாளரான கிரெய்க் என்னும் ஆங்கிலேயர் பாலுவின் பந்துவீச்சிலேயே நாள்தோறும் பயின்றார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு எட்டணா அளித்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. எனினும் மட்டை பிடித்து ஆடும் வாய்ப்பைப் பாலுவுக்கு எவரும் தரவில்லை.

களத்துள் ஒரு முறை, களத்திற்கு வெளியே வேறு முறை

புனேயில் இந்துக்களின் மன்றம் ஒன்றும் இருந்தது. ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்பது அதன் நெடுநாள் வேட்கை. பாலுவின் பந்துவீச்சு இருந்தால் வெல்லலாம். ஆனால் சாதி குறுக்கே நின்றது. தெலுங்கு பேசிய உறுப்பினர்கள் அவரைச் சேர்க்க விரும்பினர். மராத்தி பேசிய உயர்சாதி உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தனர். வெற்றி வேட்கையே இறுதியில் வென்றது. பாலு அணியில் இடம்பெற்றார்.

களத்தில் அனைவரும் ஒரே பந்தைத் தொட்டனர். பாலு வீசிய பந்தை மற்றவர் பிடித்தனர். மற்றவர் எறிந்த பந்தைப் பாலு பிடித்தார். தேநீர் இடைவேளையிலோ நிலைமை மாறியது. மற்றவர்கள் உள்ளே அமர்ந்து பீங்கான் கோப்பைகளில் தேநீர் அருந்த, பாலு வெளியே நின்றார். குடித்தபின் எறிந்துவிடக்கூடிய மண்குவளையில் அவருக்குத் தேநீர் தரப்பட்டது. உணவும் தனித்தட்டில், தனியிடத்தில் வழங்கப்பட்டது. அவருடைய பந்துவீச்சை ஏற்றுக்கொண்டவர்கள் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

அவருடைய பந்துவீச்சால் வெற்றிகள் குவிந்தபின், சமூகச் சீர்திருத்தவாதியான மகாதேவ கோவிந்த ரானடே பொதுமேடையில் அவருக்கு மாலை அணிவித்தார். சேர்ந்து விளையாட முடியுமாயின் சேர்ந்து உண்ண முடியாதா என்னும் வினா அதன்பின் வலுப்பெற்றது.

பம்பாயும் இங்கிலாந்தும்

கொள்ளைநோய் பரவிய காலத்தில் பாலு பம்பாய்க்கு இடம்பெயர்ந்து, இந்து ஜிம்கானா அணியில் சேர்ந்தார். தொடர்வண்டி நிறுவனம் ஒன்றில் வேலையும் கிடைத்தது. 1906ஆம் ஆண்டில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது. அவ்வெற்றியில் பாலுவின் பங்கு பெரிது. சென்னையில் தொடங்கப்பெற்றுப் பம்பாய்க்கு இடம்பெயர்ந்த 'இந்தியன் சோஷியல் ரிபார்மர்' இதழ், சாதி வேறுபாட்டை விலக்கி அணியைத் தேர்ந்தெடுத்ததன் பயனாகவே அவ்வெற்றியைக் கண்டு பாராட்டியது.

1911ஆம் ஆண்டில் பட்டியாலா அரசர் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. ஆயினும் பாலு மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தி, தேர்ந்த திறனாய்வாளர்களின் பாராட்டைப் பெற்றார். தாயகம் திரும்பிய அவருக்கு ஒடுக்கப்பட்ட மக்கள் பம்பாயில் விழா எடுத்தனர். அவ்விழாவில் பாராட்டுரை வழங்கிய இளைஞர், அப்போது கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கர் என்பர்.

மறுக்கப்பட்ட தலைமை

இத்தகைய வீரர் இந்துக்கள் அணிக்குத் தலைவராவது இயல்பாக நிகழ்ந்திருக்க வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் வேறொருவரே தேர்வு செய்யப்பட்டார். தலைமை பெற்ற எம். டி. பை என்பவரே, தமக்கு நடந்த பாராட்டு விழாவில், மூத்தவரும் பட்டறிவு மிக்கவருமான பாலுவுக்கே அச்சிறப்புச் சேர்ந்திருக்க வேண்டும் என வெளிப்படையாகக் கூறினார். ஆயினும் தேர்வுக்குழுவின் மனம் மாறவில்லை.

தம்பியர் எழுப்பிய குரல்

பாலுவின் தம்பியரான சிவராம், கண்பத், விட்டல் மூவரும் சிறந்த ஆட்டக்காரர்களாக வளர்ந்திருந்தனர். அண்ணன் திறமையால் திறந்த வாயில் வழியாகவே அவர்கள் களம் புகுந்தனர். 1920ஆம் ஆண்டில் பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தலைமைப் பொறுப்பில் தம்பியரின் தகுதியும் புறக்கணிக்கப்பட்டது. விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினர். தீண்டத்தகாதவர் என்னும் காரணத்தால் இழைக்கப்பட்ட அவமதிப்பைத் தன்மதிப்புள்ள எவரும் ஏற்கவியலாது என்பதை அறிக்கையாகவே வெளியிட்டனர்.

திறமையான இருவரை இழந்த அணியும், அவ்வறிக்கையைப் படித்த நகரமும் சிந்திக்கத் தொடங்கின. இறுதி ஆட்டத்திற்குப் பாலு துணைத்தலைவராக அழைக்கப்பட்டார், தம்பியரும் திரும்பினர். தலைவரான பை ஆட்டத்தின் இடையே களத்தைவிட்டு விலகிநின்று, பாலு அணியை வழிநடத்த வழிவிட்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1923இல், விட்டல் அணியின் தலைவரானார். அவ்வாண்டு கோப்பையை வென்றபோது மக்கள் அவரைத் தோளில் சுமந்து கொண்டாடினர்.

பொதுவாழ்வு

பாலு ஓய்வுக்குப்பின் பொதுவாழ்வில் ஈடுபட்டார். 1932ஆம் ஆண்டின் புனே ஒப்பந்தத்தில் தமிழகத்தைச் சேர்ந்த எம். சி. இராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் அவரும் கையொப்பமிட்டார். ஒடுக்கப்பட்டோரின் விடுதலைக்கு எவ்வழி சிறந்தது என்பதில் அம்பேத்கரோடு அவர் கருத்து வேறுபட்டார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசின் சார்பில் அவரையே எதிர்த்து நின்று, ஏறத்தாழ 2,000 வாக்குகள் வேறுபாட்டில் தோற்றார். 1955ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பம்பாயில் அவர் வாழ்வு நிறைவுற்றது.

பாலுவின் திறமை அவரைக் களத்திற்குள் கொண்டு சேர்த்தது. தலைமையை அது தரவில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் விலகிநின்று நியாயம் கேட்டபோதும், உரிமை பெற்றிருந்தவர்கள் தம் இடத்தை விட்டுக்கொடுத்தபோதுமே அடைபட்ட கதவு திறந்தது. இவ்விரண்டையும் பழகிக்கொள்ள வேண்டிய இடம் பள்ளியின் விளையாட்டுத்திடலே. நம் அணியில் எவருடைய கையில் மண்குவளை இருக்கிறது என்று ஒவ்வொருவரும் பார்க்கக் கற்பதே அப்பயிற்சியின் முதற்படியாகும்.