மகனின் சைக்கிளை மாடிஃபை செய்த மாட்டு டாக்டர்! - டன்லப்பின் கதை

மாடிப்படிக்குக் கீழே தூசி படிஞ்சு நிற்கும் பழைய மவுன்டைன் பைக்கை வெளியே இழுத்து, துடைச்சு, மாடிஃபை பண்ணலாம்னு முடிவெடுக்கிறீங்க. முதல்ல எதுல கை வைப்பீங்க? பெரும்பாலும் டயர்லதான். ரோட்டுல ஓட்டணும்னா கட்டை கட்டையா பல் வெச்ச டயரைக் கழட்டிட்டு வழவழப்பான டயர் போடுவோம். மண் பாதைன்னா காத்தைக் கொஞ்சம் குறைச்சு ஓட்டுவோம், கிரிப் கூடும்.

டயருக்குள்ளே காத்து இருப்பதால்தான் இதெல்லாம் நடக்குது. அந்தக் காத்தை சைக்கிளுக்குக் கொண்டுவந்தவர் ஜான் பாய்டு டன்லப். சென்னைக்காரங்களுக்கு இந்தப் பேரைக் கேட்டதும் அம்பத்தூர் டயர் ஃபேக்டரி ஞாபகத்துக்கு வரும். ஆனா, அவர் இன்ஜினீயர் இல்லை. கால்நடை மருத்துவர்!

1840-ல் ஸ்காட்லாந்தின் டிரெக்ஹார்ன் கிராமத்தில் பிறந்தவர். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, 1867-ல் அயர்லாந்துக்குப் போனார். பெல்ஃபாஸ்ட் நகரில் அவரது கிளினிக் நன்றாகவே ஓடியது.

முற்றத்தில் ஒரு டெஸ்ட்

அவருடைய சின்னப் பையன் ஜானிக்கு ஒரு மூணு சக்கர சைக்கிள் இருந்தது. அந்தக் காலத்து சைக்கிள்களில் கெட்டி ரப்பர் டயர்தான். கல் பாவிய தெருவில் ஓட்டினால், ஒவ்வொரு கல்லும் முதுகுல இடிக்கும்.

1887 அக்டோபரில் டன்லப் வீட்டிலேயே வேலையை ஆரம்பித்தார். கிட்டத்தட்ட 96 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்ட மரப்பலகை. மெல்லிய ரப்பர் ஷீட்டை ஒட்டி ஒரு டியூப். அதைப் பலகையைச் சுற்றி துணியால் பிடித்து நிறுத்தி, ஃபுட்பால் பம்பால் காற்றடித்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் செம. ஜானி சைக்கிளின் சக்கரத்தையும் தன்னோட புதுச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதியிலேயே நின்றுபோனது. காற்றுச் சக்கரமோ முற்றத்தின் கடைசி வரை ஓடி, கேட் தூணில் மோதித் திரும்பி வந்தது!

உடனே சைக்கிளின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் காற்று டயர் மாட்டினார். 1888 டிசம்பர் 7-ல் காப்புரிமையும் கிடைத்தது.

ஜெயித்தது டயர்

இந்த டயர் போட்ட சைக்கிளை வில்லி ஹியூம் என்ற சைக்கிள் வீரர் வாங்கினார். 1889 மே 18-ல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் காலேஜ் விளையாட்டுப் போட்டியில் நான்கு சைக்கிள் ரேஸ். நான்கிலும் ஹியூம்தான் ஃபர்ஸ்ட். அவரிடம் தோற்றவர்களில் தொழிலதிபர் ஹார்வி டு குரோஸின் மகன்களும் உண்டு. அப்பா சும்மா இருப்பாரா? அதே வருஷம் டன்லப்போடு சேர்ந்து டயர் கம்பெனி தொடங்கிவிட்டார்.

கையை விட்டுப் போன காப்புரிமை

ஆனால், இரண்டே வருஷத்தில் டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. காரணம், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அது டன்லப்புக்குத் தெரியாது. தாம்சன் யோசித்தது குதிரை வண்டிகளுக்காக. பெடல் சைக்கிளே அப்போ புழக்கத்துக்கு வரல. அதனால் அந்த ஐடியா அப்படியே மறந்துபோனது.

காப்புரிமை போனாலும், டயரைச் சக்கரத்தில் பொருத்தும் முறைகளுக்கு மற்றவர்கள் வைத்திருந்த காப்புரிமைகளை வாங்கி கம்பெனி வளர்ந்தது. டன்லப் 1895-ல் விலகினார். அடுத்த வருஷமே அந்த கம்பெனி 30 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது! தன் பெயர் ஊரெங்கும் டயரில் உருண்டு கொண்டிருக்க, டப்ளினில் ஒரு துணிக்கடைத் தொழிலைக் கவனித்து வந்த டன்லப், 1921 அக்டோபர் 23-ல் காலமானார்.

பெரிய பணமும் சேரலை, முதல் ஆள் என்ற பெருமையும் நிலைக்கலை. ஆனா, தாம்சனின் காகிதத்தில் 40 வருஷத்துக்கு மேல் தூங்கிய ஐடியா, ஒரு பையனின் சைக்கிளில் மாட்டின பிறகுதான் உலகம் முழுக்க ஓட ஆரம்பிச்சது.

உங்க பழைய பைக்கில் கை வைக்கும்போதும் டன்லப் செய்ததையே செய்யலாம். ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தாதீங்க. ஒண்ணை மாத்துங்க; பழசோடு ஒப்பிட்டு ஓட்டிப் பாருங்க. நல்லா ஓடினா, அடுத்ததுக்குப் போங்க!