பந்துவீச்சு வேந்தர் பல்வங்கர் பாலு

அறுவடை முடிந்த வயலிலும் நீர் வற்றிய குளத்திலும் மட்டையும் பந்துமாய் நிற்கும் இளைஞரை நம் கடையநல்லூர் வட்டாரத்தில் எங்கும் காணலாம். நாடறிந்த ஆட்டக்காரர் பலரின் பெயர்களை அவர்கள் மனப்பாடமாய் ஒப்பிப்பர். ஆயினும் இந்திய மண் ஈன்ற முதற்பெரும் பந்துவீச்சாளர் ஒரு தீண்டப்படாத குடியில் பிறந்தவர் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? அப்பெருமகனார் பல்வங்கர் பாலு. அவரது வரலாற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும் எனக் கருதி ஈண்டு சுருங்கக் கூறுகின்றோம்.

பாலு 1876ஆம் ஆண்டு தார்வாரில், தோல் தொழிலுக்குரியதென ஒதுக்கப்பட்ட சமார் வகுப்பில் பிறந்தார். கொங்கணக் கடற்கரையை அடுத்த பல்வன் என்னும் ஊரே குடும்பப் பெயராயிற்று. பூனா நகரில் பார்சிகளின் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுப்பதே அவருக்குக் கிடைத்த முதல் வேலை. திங்களுக்கு மூன்று ரூபாய் ஊதியம். பின்னர் 1892 அளவில் ஐரோப்பியரின் பூனா சங்கத்தில் நான்கு ரூபாய்க்கு அமர்ந்தார்.

அங்கே வெள்ளையர் பயிற்சி செய்யும்போது வலைக்குள் பந்து வீசும் வாய்ப்பு வந்தது. கிரெய்க் என்னும் சிறந்த மட்டையாளர், பிறர் வருமுன்னரே மைதானத்துக்கு வந்து பாலுவின் பந்தை எதிர்த்துப் பழகுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா பரிசு அளித்தார் என்றும் கூறுவர். பல்லாயிரம் பந்துகளை வீசி வீசிப் பாலுவின் இடக்கைச் சுழற்பந்து கூர்மை பெற்றது. ஆனால் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். மட்டையை ஒருநாளும் அவர் கையில் கொடுத்தாரில்லை. பந்து வீசுவது உழைப்பு. அதனை ஊழியன் செய்யலாம். மட்டை பிடிப்பதோ எசமானர்க்கு உரியது. இதுவே அந்நாளைய வழக்கம்!

பாலுவின் புகழ் பூனா இந்து அணியினரின் செவிக்கு எட்டியது. வெள்ளையரை வெல்ல வேண்டுமாயின் பாலு வேண்டும். பாலுவைச் சேர்த்தாலோ ஆசாரம் கெடும். நெடிய வாதத்துக்குப் பின் அவர் சேர்க்கப்பட்டார். களத்தில் அவர் தொட்ட பந்தையே மற்றையோரும் தொட்டனர். ஆட்ட இடைவேளையிலோ அவர் வெளியே நின்று மண் குவளையில் தேநீர் பருகினார். உண்பதற்கு வேறு இலை, வேறு இடம். சிரட்டையையும் தனிக் குவளையையும் கண்ட நம் முன்னோர்க்கு இதனை விளக்கிக் கூறவும் வேண்டுமோ?

பூனாவில் பிளேக் நோய் பரவிய காலத்தில் பாலு பம்பாய் சென்றார். இரயில்வேயில் வேலையும், இந்து ஜிம்கானா அணியில் இடமும் கிடைத்தன. 1906ஆம் ஆண்டு பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். இந்துக்கள் 242, 160 ஓட்டங்களும், ஐரோப்பியர் 191, 102 ஓட்டங்களும் எடுக்க, 109 ஓட்டங்களில் இந்துக்கள் வென்றனர். பாலு வீழ்த்திய விக்கெட்டுகள் எட்டு. தம்பி சிவராமும் அவ்வணியில் ஆடினார்.

1911இல் பாட்டியாலா மகாராசாவின் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பல ஆட்டங்களில் தோற்றது, பாலு தோற்றாரில்லை. முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவரது முதல்தர வாழ்வின் மொத்தக் கணக்கு 33 ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள். விக்கெட் ஒன்றுக்கு அவர் கொடுத்த ஓட்டம் சற்றேறக்குறைய பதினைந்தே.

இத்துணைத் திறமையாளர் அணித்தலைவர் ஆனாரா? இல்லை. 1910 முதல் 1920 வரை ஆண்டுதோறும் அக்கோரிக்கை எழுந்தது. ஆண்டுதோறும் உயர்சாதியார் ஒருவரே அமர்த்தப்பட்டார். 1913இல் தலைவரான எம்.டி. பை என்பாரே, இப்பெருமை பாலுவுக்கு உரியது என்று வெளிப்படையாய்க் கூறினார். 1920இல் பை நோயுற்றபோது அப்பதவி தேவதருக்குச் சென்றது. பாலுவோ அணியிலிருந்தே நீக்கப்பட்டார். அப்போதுதான் தம்பியர் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து வெளியேறினர். காரணத்தையும் ஊரறியச் செய்தனர். விளைவு யாது? அடுத்த ஆட்டத்தில் மூவரும் மீண்டனர். பாலு துணைத்தலைவர் ஆனார். பை சிறிது நேரம் களத்தை விட்டு நீங்கி, பாலு அணியை நடத்த வழிவிட்டார். 1923இல் சிறந்த மட்டையாளரான விட்டல் இந்து அணியின் தலைவராகி வெற்றியும் ஈட்டினார். அண்ணனுக்கு மறுக்கப்பட்ட மட்டையும் தலைமையும் தம்பியிடம் வந்து சேர்ந்தன.

பாலுவின் அரசியல் வாழ்வையும் மறைத்தல் முறையன்று. இளமையில் அண்ணல் அம்பேத்கர் பாலுவைப் பெரிதும் போற்றியவர். எனினும் தனித்தொகுதிக் கோரிக்கையில் இருவரும் மாறுபட்டனர். பாலு, சென்னையின் எம்.சி. ராஜாவைப் போலவே கூட்டுத்தொகுதியை ஆதரித்தார். 1932ஆம் ஆண்டு பூனா ஒப்பந்தத்தில் ராஜாவும் பாலுவும் கையொப்பமிட்டுள்ளனர். 1937 பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு சார்பில் அண்ணலையே எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். அண்ணல் வழியே நம் வழி. ஆயினும் கருத்து வேறுபட்டமையால் ஒருவரின் உழைப்பை மறப்பது நன்றியாகாது. பாலு 1955 சூலைத் திங்களில் பம்பாயில் மறைந்தார்.

இளைஞர்களே! நம் பள்ளிப் பணிக்காலத்தில் நாம் பலமுறை கண்ட உண்மை ஒன்றுண்டு. ஓடி வென்ற மாணவனுக்குக் கை தட்டுவோர் பலர். அவனை அணித்தலைவனாய் முன்மொழிவோர் சிலர். பாலுவின் வரலாறும் இதனையே உரைக்கின்றது. திறமை அவரைக் களத்துள் அழைத்துச் சென்றது. தலைமையின் கதவைத் திறக்கவோ உடன்பிறந்தார் சேர்ந்து நின்று மறுக்க வேண்டியதாயிற்று. ஆகவே திறமையைத் தேடுங்கள். அத்துடன், தலைவர் யார் எனத் தீர்மானிக்கும் அவைகளில் அமரும் தகுதியையும் தேடுங்கள். அத்தகுதியைத் தருவது கல்வி. நம் கல்விச் சங்கம் இருபத்தைந்தாண்டுகளாய் உழைப்பதும் அதன் பொருட்டே.