குதிரை கேட்ட சிறுமி

டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றிச் சிறிதேனும் படித்தவர்கள் 'லிட்டில் மோ' என்ற பெயரைக் கடக்காமல் இருந்திருக்க முடியாது. மாரீன் கன்னோலி என்பது அவளுடைய இயற்பெயர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் டியேகோ என்னும் துறைமுக நகரில் 1934 செப்டம்பர் 17-ஆம் நாள் பிறந்தாள். தந்தை கடற்படையில் இருந்தவர். மகள் சிறு குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்துவிட்டனர். தாயின் வருமானத்தில் வளர்ந்த வீடு அது.

அந்தச் சிறுமி ஆசைப்பட்டது டென்னிஸ் மட்டையை அன்று, குதிரையை! குதிரையேற்றம் கற்கப் பணம் கட்டித் தாயால் ஆகவில்லை. வீட்டுக்கு அருகில் நகராட்சியின் டென்னிஸ் திடல் இருந்தது. பத்து வயதுச் சிறுமி அங்கே போய் நின்றாள். கிடைக்காத ஒன்றுக்கு ஈடாகக் கிடைத்ததுதான் டென்னிஸ். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. கட்டுரையின் பிற்பகுதியில் அந்தக் குதிரை வரும்.

நான் கொல்லிமலையில் அரியூர் நாட்டைச் சேர்ந்தவள். உண்டு உறைவிடப் பள்ளியில் வளையப்பந்து ஆடியிருக்கிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சமவெளிக்கு வந்த பிறகுதான் டென்னிஸ் திடல் ஒன்றைக் கண்ணால் கண்டேன். ஆகவே, நகராட்சி ஒரு திடலைப் போட்டு வைத்திருந்தது என்ற வரியைப் படித்தபோது, மற்றவர்கள் கடந்து செல்லும் அந்த வரியில் நான் சற்று நின்றேன். திடல் இருந்தது, வேலி திறந்திருந்தது, பார்த்துக்கொண்டு நின்ற சிறுமியைக் கவனிக்க ஓர் ஆசிரியரும் இருந்தார். வில்பர் போல்சம் என்பது அவர் பெயர். மாரீன் இடக்கைப் பழக்கம் உடையவள். போல்சம் அவளை வலக்கைக்கு மாற்றினார். எங்கள் பக்கத்திலும் இடக்கையால் உண்ணும் பிள்ளையைப் பெரியவர்கள் அதட்டி மாற்றுவதுண்டு. ஆனால் மாற்றிய கையால் உலகை வென்றவர் யாரையும் நான் அறியேன்!

அடுத்து வந்தவர் எலினார் டென்னண்ட் என்னும் பெண் பயிற்சியாளர். ஆலிஸ் மார்பிள் போன்ற புகழ்பெற்ற வீராங்கனையை உருவாக்கியவர், கண்டிப்பு மிக்கவர். அவரிடம் சேர்ந்தபின் மாரீனின் வளர்ச்சி வியப்புக்குரியது. 14 வயதில் தொடர்ந்து 56 ஆட்டங்களை வென்றாள். 18 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான அமெரிக்கத் தேசியப் பட்டத்தை 1949, 1950 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெற்றாள். உயரம் அதிகமில்லை, முதல் அடியாகிய 'சர்வீஸ்' அத்தனை வலுவானதும் அன்று. பின்கோட்டிலேயே நின்றுகொண்டு, இருபுறமும் கோட்டை ஒட்டிப் பந்தை அறைவாள். 'மிசௌரி' என்னும் போர்க்கப்பலை மக்கள் 'பிக் மோ' என்று அழைத்துவந்த காலம் அது. அந்தக் கப்பலின் பீரங்கிகளை நினைத்து, உள்ளூர் விளையாட்டுச் செய்தியாளர் ஒருவர் இவளுக்கு 'லிட்டில் மோ' என்று பெயரிட்டார்.

1951-இல், 17 வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்பு, பாரஸ்ட் ஹில்ஸில் நடந்த அமெரிக்க சாம்பியன் பட்டத்தை வென்றாள். இறுதி ஆட்டத்தில் தோற்றவர் ஷர்லி பிரை. ஆனால் என் மனத்தை உறுத்துவது அதற்கு முந்தைய அரையிறுதி ஆட்டம். எதிரே நின்ற டோரிஸ் ஹார்ட், மாரீன் மிகவும் மதித்த வீராங்கனை. மதிப்பு இருந்தால் அடியில் வேகம் குறையும் என்று எண்ணிய டென்னண்ட், ஹார்ட் உன்னைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்ட பெண் என்று இகழ்ந்தார் என மாரீனிடம் சொல்லிவிட்டார். அது பொய். கோபம் கொண்ட சிறுமி ஆடி வென்றாள். எதிராளியை வெறுத்தால்தான் வெல்லலாம் என்பதே ஆசிரியையின் பாடம். உடன் ஆடுவோருடன் நட்பு கொள்வதையும் அவர் விரும்பவில்லை. வெறுப்பும் அச்சமும் தன்னை எவ்வளவு அலைக்கழித்தன என்பதை மாரீன் 1957-இல் வெளிவந்த தன் வரலாற்று நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கோப்பை கையில் இருந்தது. உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது ஒரு பள்ளிச் சிறுமி.

1952-இல் முதன்முறையாக விம்பிள்டனுக்குச் சென்றபோது தோளில் வலி கண்டது. ஆட வேண்டாம், விலகிவிடு என்றார் டென்னண்ட். மாரீன் மறுத்தாள். பத்திரிகையாளர்களைத் தானே அழைத்து, ஆடப்போவதாக அறிவித்தாள். குருவும் சீடரும் அத்துடன் பிரிந்தனர். அந்நிய நாட்டில், பதினேழு வயதில், தன்னை உருவாக்கியவரை மறுத்து நிற்பது எளிய செயலா? நம் கல்லூரியில் புகுமுக மாணவிகளுக்கு அந்த வயதுதான். இதற்குப் பிறகும் 'அவள்' என்று எழுத என் பேனா கூசுகிறது. இனி 'அவர்' என்றே எழுதுகிறேன். அந்த விம்பிள்டன் பட்டத்தை, லூயிஸ் பிரௌவைத் தோற்கடித்து அவரே வென்றார். சான் டியேகோ மக்கள் மகிழ்ந்து தந்த பரிசு ஒரு குதிரை! 'கர்னல் மெர்ரிபாய்' என்பது அதன் பெயர்.

பின்னர் ஆஸ்திரேலியரான ஹாரி ஹாப்மன் பயிற்சியாளரானார். அவருடைய மனைவி நெல் ஹாப்மன் மாரீனுக்குத் துணையாக உடன் பயணம் செய்தார். 1953-இல் ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய நான்கு பட்டங்களையும் மாரீன் ஒரே ஆண்டில் வென்றார். பெண்களில் இதைச் செய்த முதல்வர் அவரே. நான்கு போட்டிகளிலும் சேர்த்து இழந்தது ஒரே ஒரு செட். பின்னாளில் 1970-இல் மார்கரெட் கோர்ட்டும் 1988-இல் ஸ்டெபி கிராபும் மட்டுமே பெண்கள் ஒற்றையரில் இதை எட்டினர். எனக்கு இன்னும் பிடித்த செய்தி, 1954-இல் பிரெஞ்சுப் போட்டியின் இரட்டையர் பட்டத்தை நெல் ஹாப்மனோடு இணைந்தே அவர் வென்றது. யாரையும் வெறுக்காமலும் வெல்லலாம் என்பதை அவர் கண்டுகொண்ட காலம் அது. இத்தனைக்கும் பரிசுப் பணம் என்று ஒரு காசு கிடையாது. அக்காலத்தில் இப்போட்டிகள் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களுக்கே உரியவை.

1954 ஜூலையில் மூன்றாவது விம்பிள்டன் பட்டம். 1951 அமெரிக்கப் போட்டி முதல் அவர் கலந்துகொண்ட பெரும் போட்டிகள் ஒன்பது, ஒன்பதிலும் வெற்றி. ஊர் திரும்பி இரண்டு வாரம்கூட நிம்மதியாகக் கழியவில்லை. ஜூலை 20-ஆம் நாள் குதிரை மீது சென்றுகொண்டிருந்தார். கான்கிரீட் கலவை ஏற்றிய லாரி ஒன்று அருகே வந்து மோதியது. வலக் காலில் எலும்பு முறிந்து, தசையும் கிழிந்தது. அப்போது அவருக்கு வயது 19.

எங்கள் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. அவனுடைய குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்று சங்க நூலால் அறிகிறோம். வீரனுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் வைத்த மலையில் பிறந்ததனாலோ என்னவோ, மாரீனின் விபத்துக்காக அந்தக் குதிரையை நொந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவரும் நொந்துகொண்டதாகத் தெரியவில்லை.

மீண்டும் ஆட முயன்றார். கால் இடம் கொடுக்கவில்லை. 1955-இல் ஓய்வை அறிவித்து, நார்மன் பிரிங்கர் என்பவரை மணந்தார். அவரும் குதிரையேற்ற வீரர்தாம்! விபத்துக்காகத் தொடுத்த வழக்கில் 95,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாயானார். சிறுவர் சிறுமியருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தார். புற்றுநோய் பற்றியிருந்த நிலையிலும், 1968-இல் டாலஸ் நகரில் இளம் ஆட்டக்காரர்களுக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1969 ஜூன் 21-ஆம் நாள், 34-ஆம் வயதில் காலமானார். இரண்டு நாள் கழித்து அந்த ஆண்டின் விம்பிள்டன் தொடங்கியது.