பந்தை முதல் பாடமாக்கிய வாத்தியார்

பிள்ளையை கேஜியில் சேர்த்தாச்சா என்ற கேள்வியைக் கேட்காத தமிழ்க் குடும்பம் வளைகுடாவில் இருக்காது. ஷார்ஜாவோ, அபுதாபியோ, தோஹாவோ, மஸ்கட்டோ, எங்கே போனாலும் கேஜி 1, கேஜி 2 தான். கிண்டர் என்றால் குழந்தைகள், கார்டன் என்றால் தோட்டம். ஜெர்மன் மொழியிலிருந்து வந்த பெயர். அதை வைத்தவர் ஃபிரெட்ரிக் ஃபிரோபெல். தன் முறையில் குழந்தையின் கையில் முதன்முதலாக அவர் கொடுக்கச் சொன்னது சிலேட்டு இல்லை, புத்தகமும் இல்லை. ஒரு பந்து.

நான் இங்கே ஒரு பள்ளியில் கேஜி பிள்ளைகளுக்கு விளையாட்டு வகுப்பு எடுக்கிறேன். ஊர்ப்பேச்சில் சொன்னால் பி.டி. வாத்தியார். பெற்றோர் சந்திப்பு நாளில் வகுப்பு டீச்சரிடம் எழுத்து எதுவரை வந்திருக்கிறது, எத்தனை வரை எண்ணத் தெரிகிறது என்று துருவித் துருவிக் கேட்பார்கள். என் பக்கம் வந்தால், நல்லா விளையாடுறானா சார் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பந்து தட்டுவது படிப்புக்கு நடுவே கிடைக்கும் ஓய்வு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது ஓய்வு இல்லை, அதுதான் முதல் பாடம் என்று 180 வருஷத்துக்கும் முன்னால் ஒரு மனிதர் சொன்னார். அதற்காக நிறையவே அடிபட்டார். அவர் கதை நம் வீடுகளுக்குத் தெரிய வேண்டிய கதை.

1782 ஏப்ரல் 21 அன்று, ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் ஓபர்வைஸ்பாக் என்ற ஊரில் பிறந்தார் ஃபிரோபெல். அப்பா பாதிரியார். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டார். அப்பாவுக்கு ஊர்ச் சபையின் வேலையே சரியாக இருந்தது. சிற்றன்னை வந்தார். அவருக்கென்று ஒரு பிள்ளை பிறந்த பிறகு இவர் மேல் ஒட்டுதல் விட்டுப்போனது. வீட்டுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் அடைபட்டு, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து ஓடியாடாமல் வளர்ந்தான் அந்தப் பையன்.

பத்து வயதில் தாய்மாமன் வந்து தன் ஊரான ஷ்டாட்டில்முக்குக் கூட்டிப் போனார். தாய்மாமன் வீடு என்றால் என்ன என்று தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கேதான் அவனுக்கு முதன்முதலாக வெளியே போக விடுதலை கிடைத்தது, சேக்காளிகள் கிடைத்தார்கள். ஆனால் அவர்களோடு விளையாடப் போனால் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மற்ற பையன்களுக்கு இருந்த வலுவும் லாகவமும் தனக்கு இல்லை என்பது அவனுக்கே புரிந்தது. பெரியவரான பிறகு தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியபோதும் அதை மறக்காமல் குறித்து வைத்தார். விளையாடாத குழந்தைப்பருவம் உடம்பில் என்ன மிச்சம் வைக்கும் என்பது அவருக்கு ஏட்டறிவு இல்லை, பட்டறிவு.

அதற்குப் பிறகு கொஞ்சகாலம் நிலையில்லாத வாழ்க்கை. பதினைந்து வயதில் காட்டிலாகா அதிகாரி ஒருவரிடம் வேலை பழகப் போனார். பிறகு யேனா பல்கலைக்கழகம். அங்கே கடனைக் கட்ட முடியாமல் பல்கலைக்கழகச் சிறையிலேயே ஒன்பது வாரம் இருந்தார். நில அளவை, கணக்கெழுதும் வேலை என்று அலைந்து, 1805-ல் ஃபிராங்க்ஃபர்ட் போய்ச் சேர்ந்தார். கட்டடக் கலை படிக்கத்தான் போனார். போன இடத்தில் ஒரு பள்ளியில் பாடம் நடத்தச் சொன்னார்கள். வகுப்பில் நின்ற அன்றே தன் இடம் இதுதான் என்று தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் கல்வியில் பெரிய பெயரான பெஸ்டலோட்சியின் பள்ளி சுவிட்சர்லாந்தின் இவர்டோனில் இருந்தது. 1808 முதல் 1810 வரை அங்கே தங்கிக் கற்றுக்கொண்டார்.

1813-ல் நெப்போலியனை எதிர்த்த போரில் தன்னார்வப் படையில் சேர்ந்தார். போர்ச் சமயத்தில் படைவீரர்களுக்குப் பணிவிடை செய்த அண்ணன் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அவர் பிள்ளைகள் தகப்பனில்லாமல் நின்றார்கள். ஃபிரோபெல் பெர்லினில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். 1816-ல் அண்ணன்மார் பிள்ளைகள் ஐந்து பேரை வைத்து ஒரு பள்ளி தொடங்கினார். அடுத்த வருஷம் அது கைல்ஹாவ் என்ற சிற்றூருக்கு மாறி வளர்ந்தது. உலகத்துக்கே மழலையர் பள்ளி கொடுத்தவரின் முதல் மாணவர்கள் சொந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

பள்ளி நடத்த நடத்த ஒன்று அவருக்கு உறுத்தியது. ஏழு வயதில் வரும் பிள்ளையிடம் பாதி வேலை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது, அல்லது கெட்டுப்போயிருக்கிறது. அப்படியென்றால் தொடங்க வேண்டிய இடம் அதற்கும் முன்னால். 1837-ல், ஐம்பத்தைந்து வயதில், பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சின்னக் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருட்களைச் செய்யும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். பெயரில் மட்டும் இல்லை, நிஜமாகவே தோட்டமும் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பாத்தி.

குழந்தைகளுக்கான பொருட்களை அவர் பரிசுகள் என்று அழைத்து வரிசைப்படுத்தினார். முதல் பரிசு ஆறு மெத்தென்ற கம்பளிப் பந்துகள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று ஆறு நிறம். ஒவ்வொன்றிலும் கட்டித் தொங்கவிட ஒரு நூல். இரண்டாம் பரிசுதான் மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை. அதற்குப் பிறகே கட்டைகள். முதல் பரிசைக் கைக்குழந்தையிலிருந்தே தொடங்கலாம், அம்மா மடியிலேயே விளையாடலாம் என்றார். பந்தை ஆட்டு, உருட்டு, ஒளித்து வை, எடுத்துக் காட்டு, விடு, பிடி. இதுதான் பாடம்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அவர் பார்த்தது இது. பந்து கையில் இருக்கிறது, கையை விட்டுப் போகிறது, திரும்பி வருகிறது. இருப்பது, இல்லாமல் போவது, மறுபடி கிடைப்பது என்ற மூன்றையும் குழந்தை சொல்லால் கற்பதற்கு முன்னால் கையால் கற்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் பொருள் என்பதால், உலகம் முழுவதுக்குமான சின்ன உருவமாகவே பந்தைக் கண்டார். கொஞ்சம் தத்துவம் தூக்கலாகத்தான் இருக்கும் அவர் பேச்சு. ஆனால் அடிப்படை கெட்டியானது.

இதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். நாலு வயசுப் பிள்ளை பந்தைத் தரையில் தட்டும்போது முதலில் என்ன செய்யும்? உள்ளங்கையால் ஓங்கி அடிக்கும். பந்து எங்கேயோ போகும். அதனால் முதல் வாரங்களில் தட்டவே விடுவதில்லை. இரண்டு கையாலும் பந்தை இடுப்பு உயரத்தில் பிடி, அப்படியே விடு, எகிறி வரும்போது பிடி. அவ்வளவுதான். விட்டால் திரும்பி வரும் என்ற நம்பிக்கை வரவேண்டும். அது வந்த பிறகுதான் தொடர்ந்து தட்டுவது. அப்போதும் அடி இல்லை, விரல்களால் கீழே தள்ளுவது. பந்து கால்விரல் மேல் விழாமல் கொஞ்சம் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னால். வலது கையால் தட்டினால் இடது கால் முன்னால். பந்து கொஞ்சம் பெரிதாகவும் லேசாகவும் இருக்க வேண்டும். பெரிய பையன்களின் கூடைப்பந்தைக் கொடுத்தால் பிஞ்சு மணிக்கட்டு தாங்காது. நின்ற இடத்தில் தட்ட வந்தபின் நடந்துகொண்டே, கடைசியில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே.

மூன்று முறை விடாமல் தட்டிவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த மூன்று தட்டில் எண்ணிக்கை இருக்கிறது, தாளம் இருக்கிறது, எவ்வளவு பலம் போட வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது, கண்ணும் கையும் ஒன்று சேர்வது இருக்கிறது. பந்தைச் சரியாக விரலால் தள்ளக் கற்ற கைதான் நாளைக்குப் பென்சிலையும் நிதானமாகப் பிடிக்கும்.

மறுபடி ஃபிரோபெலுக்கு வருகிறேன். அறுபது வயதைத் தாண்டிய மனிதர் கிராமத்துப் பிள்ளைகளோடு கைகோத்துக்கொண்டு ஆடிப்பாடித் திரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? 1849-ல் பாட் லீபன்ஷ்டைன் பக்கம் அவரைக் கிழட்டுப் பைத்தியம் என்றே பேசிக்கொண்டார்கள். அந்தப் பைத்தியம் யார் என்று பார்க்கப் போன பெர்த்தா ஃபோன் மாரன்ஹோல்ட்ஸ் என்ற சீமாட்டி, அவருடைய முறையைப் பல நாடுகளுக்கும் கொண்டுபோகும் தொண்டராக மாறினார். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் பெண்களே தகுந்தவர்கள் என்று சொல்லி அவர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தவரும் ஃபிரோபெல்தான். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

அடி பிறகு விழுந்தது. 1851 ஆகஸ்ட் 7 அன்று பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. கடவுள் மறுப்பும் சோஷலிசமும் பரப்புகின்றன என்று குற்றச்சாட்டு. அவருடைய அண்ணன் மகன் கார்ல் ஃபிரோபெல் எழுதியதை இவருடையதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள். பாதிரியார் மகன், தெய்வ நம்பிக்கையை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக வைத்தவர், நாத்திகம் பரப்புவதாகக் குற்றம் சாட்டப்பட்டார். மன்னருக்கு மனு போட்டார். பலிக்கவில்லை. அடுத்த வருஷம், 1852 ஜூன் 21 அன்று, மாரியன்டாலில் கண்ணை மூடினார். தடை நீங்கியது 1860-ல். அதை அவர் பார்க்கவில்லை.

தோட்டத்தைப் பூட்டினார்கள், விதை வெளியே போய்விட்டது. கொண்டுபோனவர்கள் யார் தெரியுமா? நம்மைப் போலப் புலம்பெயர்ந்தவர்கள். 1856-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் வாட்டர்டவுனில், மார்கரேத்தா ஷுர்ஸ் என்ற ஜெர்மன் பெண் தன் மகளையும் சொந்தக்காரப் பிள்ளைகளையும் சேர்த்துத் தன் வீட்டில் ஒரு கிண்டர்கார்டன் நடத்தினார். அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டன் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அது நடந்தது ஜெர்மன் மொழியில். அவரைச் சந்தித்த எலிசபெத் பீபாடி 1860-ல் பாஸ்டனில் ஆங்கிலத்தில் ஒன்று தொடங்கினார். அந்நிய ஊரில் பிள்ளைக்கு விளையாட்டும் தாய்மொழியும் ஒன்றாகப் போய்ச்சேர ஒரு அம்மாவும் ஒரு கூடமும் போதுமாயிருந்தது.

நம் பக்கம் உடற்கல்விக்கென்று தனி வாத்தியார் என்ற எண்ணம் வேறு வழியில் வந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருப்பது அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவரும் அவரே. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே பந்து நம்மிடம் இருந்தது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுவதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மானை ஆடிய கைகள் நம் பாட்டிமார் கைகள்.

இங்கே வளைகுடாவில் நம் பிள்ளைகளுக்கு நேர்வது வேறு சிக்கல். இவர்களுக்கு அம்மா இருக்கிறார், அப்பா இருக்கிறார், அன்புக்குக் குறைவில்லை. ஆனால் பத்தாவது மாடி ஃபிளாட்டில் பந்து தட்டினால் கீழ்வீட்டுக்காரர் மணி அடிப்பார். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளியே கால் வைக்க முடியாது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை வெட்டவெளியில் உச்சிப்பொழுது வேலைக்கே சட்டப்படி தடை இருக்கும்போது பிள்ளையை எங்கே விளையாட அனுப்புவது? கடைசியில் கையில் போன். தோட்டத்துக்குள் அடைபட்டு வளர்ந்து, பத்து வயதில் சேக்காளிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் நின்ற அந்தப் பையனை நான் சில சமயம் என் வகுப்பில் பார்க்கிறேன். ஏபிசிடி தலைகீழாகச் சொல்லும். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும்.

மூன்று, நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2019-ல் சொன்னது. பள்ளியில் கிடைக்கும் விளையாட்டு வகுப்பு மட்டும் அதற்குக் காணாது. மீதி உங்கள் கையில்தான். நவம்பர் முதல் மார்ச் வரை இங்கே மாலைப்பொழுது சொர்க்கம். ஒரு லேசான ரப்பர் பந்து வாங்குங்கள், பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். வெயில் காலத்தில் வீட்டுக்குள்ளேயே துணிப்பந்து செய்து உருட்டுங்கள், தூக்கிப்போட்டுப் பிடியுங்கள். விடு, பிடி, ஒண்ணு, ரெண்டு என்று தமிழிலேயே எண்ணுங்கள். இரண்டு பாடம் ஒன்றாக நடக்கும்.

ஷ்வைனா ஊரில் ஃபிரோபெலின் கல்லறை இருக்கிறது. கீழே கனசதுரம், நடுவில் உருளை, உச்சியில் உருண்டை. இரண்டாம் பரிசின் மூன்று பொருட்களும் கல்லாக நிற்கின்றன. அவருடைய பந்து கல்லறை உச்சிவரை ஏறிவிட்டது. நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்தால் போதும். அடுத்த பெற்றோர் சந்திப்பில் உங்கள் பிள்ளையின் பி.டி. வாத்தியாரிடமும் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். நல்லா விளையாடுறானா என்று கேட்க வேண்டாம். எத்தனை முறை விடாமல் தட்டுகிறான், தட்டும்போது கண் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அவர் பதில் வைத்திருப்பார்.