முகமும் அதன் நரம்பும்: ஸர் சார்ல்ஸ் பெல் சரித்திரம்

அகத்தில் நிகழ்வதை முகம் காட்டிவிடும் என்பதை நாம் யாவரும் அறிவோம். மகிழ்ச்சி வந்தால் கன்னம் விரிகிறது. ஐயம் எழுந்தால் நெற்றி சுருங்குகிறது. துயரம் மிகுந்தால் உதடு துடிக்கிறது. ஆயின் உள்ளத்தில் எழுந்த உணர்ச்சி எவ்வழியே முகத்தை வந்தடைகிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? வழி செவ்வனே இருக்கும்வரை வழியைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. ஒரு நாட்காலை ஒருவர் எழுந்து வாய் கொப்பளிக்கிறார். நீர் ஒரு கடைவாயால் ஒழுகிவிடுகிறது. கண்ணாடியில் பார்க்கிறார், முகம் ஒருபுறமாகக் கோணியிருக்கிறது. மற்றப் புறத்துக் கண்ணை மூட முயல்கிறார், மூட இயலவில்லை. வழி அடைபட்டது என்பதை அப்பொழுதுதான் அவர் உணர்கிறார். இந்நோயை நம் நாட்டார் முகவாதம் என்பர். உலகெங்கும் உள்ள வைத்தியர்கள் இதன் ஒரு வகைக்குப் பெல் என்பவரின் பெயரை இட்டு வழங்குகின்றனர். அப்பெரியார் யார், அவர் பெயர் இந்நோய்க்கு எங்ஙனம் வந்தது என்பதை நம் கலாசாலை மாணவர் அறிவது நலமாதலின், அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

சார்ல்ஸ் பெல் 1774-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஸ்காத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் பிறந்தார். தந்தையார் அந்நாட்டு எப்பிஸ்கோப்பல் சபையின் குருமாருள் ஒருவர். பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பும் தறுவாயில் தந்தையார் காலமானார். குடும்பத்தில் பொருள் குறைந்தது. ஆனால் கல்வி குறையவில்லை. அன்னையாரே அவருக்கு முதல் ஆசிரியராக அமைந்தார். சித்திரம் வரைவதில் சிறுவனுக்கு இருந்த விருப்பத்தை வளர்த்தவரும் அவரே. டேவிட் ஆலன் என்னும் ஓவியரிடமும் சார்ல்ஸ் பயிற்சி பெற்றார். இச்சித்திரப் பயிற்சியே பிற்காலத்தில் அவருடைய விஞ்ஞான வாழ்வுக்கு அடிப்படையாயிற்று என்பதை நாம் மேலே காண்போம்.

அவருடைய தமையன்மாருள் இருவர் பெரும்புகழ் பெற்றவர். ஜார்ஜ் என்பவர் சட்ட நூல் வல்லுநர். ஜான் என்பவர் சத்திர வைத்தியர். ஜான் எடின்பரோவில் சொந்தமாக ஒரு சரீர சாஸ்திரப் பாடசாலை நடத்தி வந்தார். தம்பி அங்கே அண்ணனுக்கு உதவியாக இருந்து, பிரேதங்களைப் பகுத்து ஆராய்ந்து, கண்டவற்றைத் தம் கையாலேயே படமாக வரைந்தார். 1798-ஆம் ஆண்டில், இருபத்து நான்கு வயது நிரம்பும் காலத்தில், பிரேதப் பரிசோதனையைப் பற்றிய நூலொன்றைத் தம் சித்திரங்களோடு வெளியிடத் தொடங்கினார். மறு ஆண்டு எடின்பரோ சத்திர வைத்தியர் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

வாழ்வு இவ்வாறு மலரும்போது ஒரு தடை வந்தது. ஜான் பெல்லுக்கும் சர்வகலாசாலையைச் சேர்ந்த வைத்தியர் சிலருக்கும் கடும் பகை மூண்டது. அதன் பயனாகச் சகோதரர் இருவரும் அரசாங்கப் பட்டயம் பெற்ற பெரிய ஆஸ்பத்திரியில் பணிபுரியும் வாய்ப்பை இழந்தனர். நோயாளரைக் காணாத வைத்தியன் நீரைக் காணாத உழவனைப் போன்றவன். ஆகவே சார்ல்ஸ் 1804-ஆம் ஆண்டில் பிறந்த ஊரை விட்டு லண்டன் மாநகர் சென்றார். அங்கே அவருக்கு உற்றார் இல்லை; பொருளும் இல்லை. வீடொன்றை வாடகைக்கு அமர்த்தி, மாணவருக்கும் ஓவியருக்கும் சரீர சாஸ்திரம் கற்பித்துக் காலம் கழித்தார். தனிமையின் துயரத்தை அண்ணன் ஜார்ஜுக்குக் கடிதங்களாக எழுதி ஆற்றிக்கொண்டார்.

1806-ஆம் ஆண்டில், ஓவியத்தில் முகபாவத்தைக் காட்டுதற்கு வேண்டிய சரீர சாஸ்திரத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. நகைப்பவன் முகத்தில் எத்தசை இழுபடுகிறது, அஞ்சுபவன் முகத்தில் எத்தசை தளர்கிறது என்பதை அவர் அந்நூலில் சித்திரங்களால் விளக்கினார். மனிதன் தன் உணர்ச்சியை வெளியிடுதற்கென்றே சில தசைகளைப் படைப்புக் கடவுள் அவனுக்கு அருளினார் என்பது அவர் கொள்கை. பின்னாளில் சார்ல்ஸ் டார்வின் 1872-ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றி நூல் எழுதியபோது இக்கொள்கையை மறுத்தார். ஆயினும் இத்துறைக்கு அடிகோலியவர் பெல் என்பதை அவர் மறுக்கவில்லை. முகத்தின் தசைகளை இங்ஙனம் நுணுகிப் பார்த்த ஒருவர், அத்தசைகளை ஏவும் நரம்பு எது என்று வினவாமல் இருப்பது எங்ஙனம்? ஓவியரின் வினாவே வைத்தியரின் ஆராய்ச்சியாக மாறியது.

இடையே போர்க்களம் அவரை அழைத்தது. 1809-ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்துக் கொருன்னாப் போரில் காயமுற்றுத் திரும்பிய வீரருக்கு ஹாஸ்லர் ஆஸ்பத்திரியில் அவர் சிகிச்சை செய்தார். 1815-ஆம் ஆண்டில் வாட்டர்லூ யுத்தச் செய்தி எட்டியதும் பிரஸ்ஸல்ஸ் நகருக்கு விரைந்தார். அங்கே பகல் முழுதும் ஓயாமல் சத்திர சிகிச்சை செய்தார். புண்பட்ட வீரரை அவர் வரைந்த வர்ணச் சித்திரங்கள் போரின் புகழைப் பாடுவன அல்ல. அதன் விலையைக் காட்டுவன.

இனி முக நரம்பின் வரலாற்றுக்கு வருவோம். மூளையினின்று இருபுறமும் இணை இணையாகப் புறப்படும் நரம்புகளுள் இரண்டு முகத்தை அடைகின்றன. ஒன்று ஐந்தாம் நரம்பு. மற்றொன்று ஏழாம் நரம்பு. ஒரே முகத்துக்கு இரண்டு நரம்புகள் எதற்கு என்பது பழைய ஆசிரியர்களுக்குத் தெளிவாகவில்லை. இரண்டும் ஒரே தொழிலைச் செய்வன என்றே பலர் எண்ணினர். இது வெறும் ஏட்டுப் பிழையன்று. முகத்தில் மின்னல் போல் பாயும் கொடிய நோவினால் வருந்துவோருக்கு, நோவைத் தீர்ப்பதாக எண்ணிச் சத்திர வைத்தியர் சிலர் ஏழாம் நரம்பை அறுத்தனர். நோவு நீங்கவில்லை, முகமோ அசைவற்றுப் போயிற்று. நரம்பின் தொழிலை அறியாமையால் நோயாளி இரு துன்பங்களுக்கு ஆளானான்.

பெல் 1811-ஆம் ஆண்டிலேயே, ஒவ்வொரு நரம்பும் தான் புறப்படும் இடத்துக்கேற்பத் தனித்தொழில் உடையது என்னும் கருத்தை ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டு நண்பர்களுக்கு மட்டும் வழங்கியிருந்தார். பத்து ஆண்டு கழித்து, 1821-ஆம் ஆண்டில், முகத்தின் நரம்புகளைப் பற்றிய கட்டுரையை ராயல் சங்கத்துக்கு அளித்தார். கழுதையின் ஏழாம் நரம்பை அறுத்தபோது அப்புறத்து மூக்குத்துளை மூச்சுக்கேற்ப விரிவது நின்றது. ஆனால் தொடுவுணர்ச்சி கெடவில்லை. ஐந்தாம் நரம்பின் கிளையை அறுத்தபோது தொடுவுணர்ச்சி அழிந்தது. உயிர்களை வருத்தும் இத்தகைய சோதனைகளில் பெல்லுக்கு மனம் பொருந்தவில்லை. ஆகவே அவர் அவற்றைக் குறைத்து, காதருகே புண்பட்டோரையும் கட்டியுற்றோரையும் கூர்ந்து நோக்கியே பெரும்பாலும் உண்மை கண்டார். முகவாதமுற்றவர் கண்ணை மூட முயலும்போது விழி மேல்நோக்கி உருள்வதை அவர் 1823-ஆம் ஆண்டில் விளக்கினார். அக்குறிக்கும் அவர் பெயரே இன்றும் வழங்குகிறது.

இந்நரம்பு செல்லும் வழியை நாம் சிறிது நோக்குவோம். மூளைத்தண்டினின்று புறப்பட்டு, கேள்வி நரம்புக்குத் துணையாகக் காதைச் சூழ்ந்த கடினமான எலும்பினுள் இது புகுகிறது. அங்கே ஒரு குறுகிய, வளைந்த கால்வாயின் வழியே செல்கிறது. செல்லும்போதே கண்ணீர்ச் சுரப்பிக்கு ஒரு கிளையும், பேரோசையைத் தணிக்கும் காதின் சிறு தசைக்கு ஒரு கிளையும், நாவின் முன் மூன்றில் இரண்டு பாகத்துச் சுவைக்கும் கீழ்த்தாடைப் பக்கத்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும் ஒரு கிளையும் தருகிறது. பின்னர்க் காதின் கீழே ஒரு சிறு துளையால் வெளிப்பட்டு, பொன்னுக்கு வீங்கி நோயில் வீங்கும் சுரப்பியினுள் நுழைந்து, ஐந்து கிளையாகப் பிரிந்து, நெற்றி முதல் கழுத்து வரை விசிறிபோல் பரவுகிறது.

இவ்வழியை அறிந்த வைத்தியர், நோயாளியை வினவியே நரம்பு பழுதுற்ற இடத்தை ஊகிக்கலாம். நாவில் சுவை குன்றியதா? சிறு ஓசையும் காதில் பேரோசையாகக் கேட்கிறதா? ஆம் எனின், பழுது எலும்புக் கால்வாயினுள் இருத்தல் கூடும். நெற்றி மற்றொரு குறிப்புத் தருகிறது. நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பாதியினின்றும் ஏவல் வருகிறது. முகத்தின் கீழ்ப்பாகத்துக்கோ பெரும்பாலும் எதிர்ப்பாதியினின்றே வருகிறது. ஆகவே மூளையில் இரத்தவோட்டம் தடைப்பட்டு வாய் கோணியவர் பெரும்பாலும் இரு புருவத்தையும் உயர்த்துவர். நரம்பே பழுதுற்றவருக்கு அப்புறத்து நெற்றி சுருங்காது. ஆயினும் இவ்வேற்றுமையைத் தீர்மானிப்பது தேர்ந்த வைத்தியரின் கடமை. முகம் திடீரெனக் கோணினால் எவரும் காலந்தாழ்த்தாது ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். காதிலும் கன்னத்துச் சுரப்பியிலும் கத்தி வைக்கும் சத்திர வைத்தியர் இன்றும் முதலில் தேடிக் காப்பது இந்நரம்பையே.

பெல்லின் பெருமையைக் கூறிய நாம் அவர் குறையை மறைத்தல் முறையன்று. ஏழாம் நரம்பை அவர் மூச்சுக்குரிய நரம்பு என்று கருதினார். உண்ணும்போது உதட்டை அசைப்பது ஐந்தாம் நரம்பு என்றும் எண்ணினார். இவை பிழை. அவரிடமே கற்ற ஹெர்பர்ட் மேயோ என்பவர் 1822-ஆம் ஆண்டில், முகபாவத் தசைகள் யாவற்றையும் ஏவுவது ஏழாவது என்றும், முகத்தின் தொடுவுணர்ச்சிக்கும் மெல்லும் தசைகளுக்கும் உரியது ஐந்தாவது என்றும் தெளிவாக்கினார். அதே ஆண்டில் பிரெஞ்சு ஆசிரியர் மாஜந்தி, முதுகந்தண்டு நரம்புகளின் முன்வேர் அசைவுக்கும் பின்வேர் உணர்ச்சிக்கும் உரியன என்று ஐயமற நிறுவினார். முன்வேரின் தொழிலைப் பெல் முன்னரே கண்டிருந்தார். பின்வேரின் தொழிலைக் கண்டிலர். ஆயினும் முழுப் புகழும் தமக்கே உரியது என்று அவரும் அவர் சார்பினரும் வாதாடினர். 1824-ஆம் ஆண்டில் தம் பழைய கட்டுரைகளை மறுபதிப்புச் செய்தபோது, பிறர் கண்டவற்றுக்கு இயையச் சில வாசகங்களை மாற்றிவிட்டார். பிற்காலத்தார் இரு பதிப்புகளையும் ஒப்பிட்டு இதனைக் கண்டனர். மாற்றாமலே விட்டிருப்பினும் அவர் புகழ் குறைந்திராது. மாற்றியதாலேயே அதில் ஒரு கறை படிந்தது. இன்று அவ்விதிக்கு இருவர் பெயரையும் சேர்த்தே வழங்குகின்றனர்.

அவருடைய பிற்கால வாழ்வு சிறப்புற்றது. 1829-ஆம் ஆண்டில் ராயல் சங்கத்தார் பதக்கம் அளித்தனர்; 1831-ஆம் ஆண்டில் ஸர் பட்டம் கிடைத்தது. மனிதக் கையின் அமைப்பைப் பற்றிய அவர் நூல் 1833-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1836-ஆம் ஆண்டில், முன்பு தம்மை வெளியேற்றிய எடின்பரோவே அவரைச் சத்திர வைத்தியப் பேராசிரியராக வரவேற்றது. முப்பத்திரண்டு ஆண்டுக்குப்பின் அவர் தாய்நகர் திரும்பினார். 1842-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், லண்டனுக்குச் செல்லும் வழியில், உஸ்டர் நகருக்கு அருகே உள்ள ஹாலோ என்னும் சிற்றூரில் உயிர் நீத்தார். அவ்வூர்த் திருச்சபைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

முகவாதத்தை முதன்முதல் எழுதியவர் பெல் அல்லர். பத்தாம் நூற்றாண்டில் பாரசீக வைத்தியர் அல்-ராஜி அதனை விவரித்துள்ளார். 1798-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய பிரீட்ரைக் எழுதினார். பெல் செய்தது வேறு: முகம் வாடுவதற்கும் குறிப்பிட்ட ஒரு நரம்பு கெடுவதற்கும் உள்ள தொடர்பை அவர் காட்டினார். காரணம் விளங்காமல் திடீரென வரும் முகவாதமே இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அவர் பிறந்த ஸ்காத்லாந்திலேயே பதினேழு ஆஸ்பத்திரிகளில் 551 நோயாளரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியொன்று 2007-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோய் கண்ட மூன்று நாளுக்குள் பிரெட்னிஸலோன் என்னும் மருந்தைத் தொடங்கியோருள் நூற்றுக்கு 94 பேர் ஒன்பது மாதத்தில் முற்றும் குணமுற்றனர். அம்மருந்து பெறாதோருள் 82 பேர். ஆகவே இந்நோயுற்றவர் மனம் தளர வேண்டுவதில்லை. விரைந்து வைத்தியரை நாடுதலும், மூடாத கண் உலர்ந்து புண்ணாகாமல் காத்தலுமே அவர் செய்யத்தக்கன.

மாணவ நண்பர்களே, பெல்லின் வாழ்வினின்று நாம் கொள்ளத்தக்கது எது? கூர்ந்து நோக்கும் கண்ணும் நோக்கியதை வரையும் கையும் ஒருவரை எத்துணை தூரம் கொண்டு செல்லும் என்பதை அவர் காட்டினார். அறிவு ஒருவரால் முற்றுப்பெறுவதன்று என்பதையும், தம்மையறியாமலே, அவர் காட்டினார். ஆசிரியரின் பிழையை மாணவர் திருத்தினார். ஒரு நாட்டவர் தொடங்கியதை மற்றொரு நாட்டவர் முடித்தார். திருத்தப்படுதல் இழிவன்று, திருத்தத்தை மறைத்தலே இழிவு. இதனை மனத்தில் இருத்தி நம் ஆராய்ச்சிச் சாலைகளுள் நாம் புகுவோமாயின், கண்ணாடி முன் கலங்கி நிற்கும் நோயாளிக்கு ஒரு நாள் நம்மாலும் நன்மை விளையும்.