நிலக் கணக்கு எழுதிய ஆடிட்டர்

நாமக்கல் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையிடம், மதிய உணவில் போடும் முட்டை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கோழிப் பண்ணையிலிருந்து என்று சட்டெனப் பதில் வரும். எவ்வளவு நிலத்திலிருந்து வருகிறது என்று கேட்டால் நாமே விழிப்போம். உணவுக்கு இப்படி நிலக் கணக்குப் போட்டுக் காட்டிய தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தான் ஜே.சி.குமரப்பா.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, மும்பையில் ஆடிட்டராகத் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நாட்டின் வரவு செலவையும் வறுமையையும் ஆராய்ந்தார். 1929-ல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்த பிறகு வாழ்க்கை திசை மாறியது. குஜராத்தின் மாதர் தாலுகாவில் மாணவர்களை அழைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்று குடியானவர்களின் வரவு செலவை எழுதினார். 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பேற்று வார்தாவில் தங்கினார். 1937-ல் ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழுவிலும் இருந்தார். பயிர்த்தொழிலும் காய்கறித் தோட்டமும் அந்தத் திட்டத்தில் பாடங்களாகவே இடம்பெற்றன.

நமக்கு முக்கியம் அவர் போட்ட ஓர் அட்டவணை. ஒரு லட்சம் பேருக்குச் சரிவிகித உணவு கொடுக்க என்னென்ன பயிர், எத்தனை ஏக்கர்? ஆளுக்கு நாளொன்றுக்கு 16 அவுன்ஸ் தானியம், 2 அவுன்ஸ் பருப்பு, 12 அவுன்ஸ் பால் என்று தொடங்கி, உடுத்தும் துணிக்கான பருத்தி வரை பிரித்து எழுதினார். மலபாரில் நெல் வயல்கள் தென்னந்தோப்பாகி, தேங்காய் எண்ணெய் சோப்பு ஆலைக்குப் போவதைக் கடுமையாகச் சாடினார். வெல்லத்துக்கு நல்ல நிலத்தில் கரும்பு எதற்கு, தரிசில் நிற்கும் பனை போதாதா என்பதும் அவர் வாதம். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் ஆலைக்கு மரவள்ளி போடுபவர்கள் முகம் சுளிக்கலாம். வேறு எந்தப் பயிர் கையைக் கடிக்காமல் இருக்கிறது என்று நீங்கள் கேட்டால், என்னிடமும் சுலபமான பதில் இல்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அவர் அட்டவணை நிலத்தைத்தான் அளந்தது, தண்ணீரை அளக்கவில்லை. ஆயிரம் அடிக்கு போர் போட்டும் புகை வரும் நம் ஊரில் நிலம் கிடக்கிறது, தண்ணீர்தான் இல்லை.

கடைசிக் காலத்தை மதுரை அருகே டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30, காந்தி மறைந்த அதே தேதியில், காலமானார்.

அவர் வழியில் நம் முட்டைக்கும் கணக்குப் பார்க்கலாம். முட்டைக்கோழி நாளுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும். தினமும் தவறாமல் முட்டையிடாது என்பதால், முட்டைக்கு 120 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி, 60 கிராம், மக்காச்சோளம். இறவையில் ஏக்கருக்கு 24 குவிண்டால் விளைந்தால், அதற்கே ஒரு சதுர அடிக்குச் சற்று மேல் நிலம் ஒரு போகம் முழுக்க வேண்டும். சோயா புண்ணாக்குக்கு நிலம் தனி. பிள்ளை கையில் சாக்பீஸைக் கொடுத்து, வாசலில் ஓரடிக்கு ஓரடி கட்டம் போடச் சொல்லுங்கள். 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடும் மக்காச்சோளத்தில் ஒரு செடிக்கே அந்தக் கட்டம் போதாது.